கண் உள்வாங்குகிறது, கோளாறு கன்னத்து எலும்புக்குள் இருக்கிறது

இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் 41 வயதுப் பெண், கூட்டுறவு வங்கி ஒன்றில் பணிபுரிகிறார். ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது:

ஒரு வருடமாக இடது கண்ணில் மை தீட்டினால் கோடு இமை மடிப்புக்குள் போய் மறைந்துவிடுகிறது. வலது கண்ணில் அப்படி இல்லை. ஆதார் படத்தைப் புதுப்பிக்கப் போனபோது, "இரண்டு கண்ணையும் ஒரே மாதிரி திறங்கள்" என்று படம் எடுத்தவர் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மாமியார் திருஷ்டி என்று சுற்றிப்போட்டார். பக்கத்து வீட்டார் வாதம் அடிக்கப்போகிறதோ என்று பயமுறுத்தினர். கண் மருத்துவரிடம் போனால் பார்வை இரண்டு கண்ணிலும் 6/6. வலது கண் பிதுங்குவதாகக் கருதித் தைராய்டு பரிசோதனை செய்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், மூளையும் சரி. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் "இடது கன்னச் சைனஸ் சுருங்கி, உள்ளே நீர் கட்டியுள்ளது" என்று இருக்கிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் மூக்கு வழியாக அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்கிறார். இன்னொருவர் அதோடு கண்ணுக்குக் கீழே தகடும் வைத்துவிடலாம் என்கிறார். அழகு சிகிச்சை நிலையத்தில் ஊசி போட்டுப் பள்ளத்தை நிரப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். "எனக்குத் தலைவலி இல்லை, சளி இல்லை, மூக்கடைப்பு இல்லை. பிறகு எப்படி இது சைனஸ் ஆகும்? புற்றுநோயா? இரண்டு வருடத்துக்கு முன் செய்த பல் வேர் சிகிச்சையால் வந்ததா? ஐந்து வாரத்தில் தங்கைக்குத் திருமணம், அதற்குள் செய்து முடித்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதியிருப்பவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் மனதில் முதலில் வருவது 'சைலண்ட் சைனஸ் சிண்ட்ரோம்' என்ற அரிய கோளாறு. சத்தம் போடாத சைனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை நேரில் பார்க்காமல் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் எந்தப் பாதையில் போய் உறுதி செய்வது, எதில் அவசரப்படக் கூடாது என்பதை விளக்கமாகச் சொல்ல முடியும். இதனால் பார்வை பறிபோவது இல்லை என்றே சொல்லலாம். முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

வலது கண் பிதுங்கவில்லை, இடது கண் உள்ளே போயிருக்கிறது

இந்த இடத்தில்தான் பலருக்கும் வழி தவறுகிறது. இரண்டு கண்களில் ஒன்று முன்னால் இருப்பதுபோல் தெரிந்தால், அது பிதுங்கியிருக்கலாம், அல்லது மற்றது உள்வாங்கியிருக்கலாம். தைராய்டு கோளாறில் கண் பிதுங்குவது நமக்கு நன்றாகப் பழகிய நோய் என்பதால் மருத்துவர்களும் முதலில் அந்தப் பக்கம் பார்ப்பது இயல்பு. உங்கள் கண் மருத்துவர் செய்தது தவறே அல்ல, அது கட்டாயம் விலக்கிப் பார்க்க வேண்டிய ஒன்று.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் பின்னால் நின்று நெற்றிக்கு மேலிருந்து பார்க்கட்டும். புருவத்துக்கு முன்னே வலது கண்ணின் இமைமுடி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, இடது எவ்வளவு என்று அவரால் சொல்லிவிட முடியும். பிறகு கண்ணாடி முன் நின்று ஒரு ஸ்கேலை இரண்டு கருவிழிகளுக்கும் நேராகக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். இடது கருவிழி கோட்டுக்குக் கீழே நின்றால், கண் உள்ளே போனதோடு கீழேயும் இறங்கியிருக்கிறது என்று பொருள். நாங்கள் இதையே ஹெர்டல் என்ற அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் அளக்கிறோம். இரண்டு கண்களுக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதைப் பொருட்படுத்துவோம்.

உங்கள் திருமண ஆல்பத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு கண்களும் ஒன்றுபோல் இருந்தால், பிறவியிலேயே சைனஸ் சிறுத்துப்போன நிலை இது இல்லை, இடையில் வந்த மாற்றம் என்று தெரிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது பழைய படங்கள் மூன்று நான்கைக் கையோடு கொண்டுபோங்கள். சில நேரம் ஸ்கேனுக்கு முன்பே அந்தப் படங்கள் விடை சொல்லிவிடுகின்றன.

வலி இல்லையே, பிறகு எப்படி?

சைனஸ் என்றாலே நம் ஊரில் தலைபாரம், தும்மல், நீர்க்கோவை, நெற்றியில் பற்று என்றுதான் பேச்சு. அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் வலி இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் கோளாறுக்குப் பெயரே அதனால்தான் வந்தது. 1964ஆம் ஆண்டில் மாண்ட்கோமரி என்ற அமெரிக்க மருத்துவர், கன்னச் சைனஸ் கோளாறால் கண் உள்வாங்கிய இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1994இல், சோபர்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் இதற்கு 'சைலண்ட் சைனஸ்' என்று பெயர் வைத்தனர். பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு, ஆண் பெண் வேறுபாடு இல்லாமல், ஒரு பக்கத்தில் மட்டும் வருகிறது.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைதான் கன்னச் சைனஸ். வளர்ந்தவர்களுக்குச் சுமார் 15 மில்லி அளவு இருக்கும், மூன்று தேக்கரண்டித் தண்ணீர் பிடிக்கும் இடம். மாடி வீட்டில் கீழ்வீட்டுக் கூரைதானே மேல்வீட்டுக்குத் தரை? அதுபோல இந்தச் சைனஸின் கூரைதான் கண்குழியின் தரை. நடுவில் இருப்பது மிக மெல்லிய எலும்பு. சைனஸுக்கு ஒரே ஒரு வாசல், அதுவும் அறையின் மேல்பகுதியில், மூக்குக்குள் திறக்கிறது. அந்த வாசலுக்கு முன்னால் அரிவாள் வடிவத்தில் ஒரு மெல்லிய எலும்பு நிற்கிறது. அது கண்குழிச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டால் வாசல் அடைபட்டுவிடும். மூக்குத் தண்டு வளைந்திருப்பது சிலருக்குக் காரணமாக இருக்கும். பலருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லை.

ஊட்டிக்குப் போய்வந்தவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். அங்கே தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை இறுக மூடிப் பையில் வைப்போம். மேட்டுப்பாளையம் வந்து எடுத்துப் பார்த்தால் பாட்டில் நாலாபுறமும் ஒடுங்கியிருக்கும். யாரும் அதை நசுக்கவில்லை. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அடைபட்ட சைனஸில் மலை இறங்குவது இல்லை, உள்ளிருக்கும் காற்றைச் சவ்வின் ரத்தக் குழாய்களே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுகின்றன. அழுத்தம் குறைகிறது, கெட்டியான நீர் சேர்கிறது, சுவர்கள் மெலிந்து உள்பக்கமாக வளைகின்றன. கூரை தொய்கிறது. கூரைதான் கண்ணின் தரை என்பதால் கண்ணும் கீழே, பின்னே சாய்கிறது. புருவத்துக்குக் கீழே, மேலிமையில் பள்ளம் விழுகிறது. உங்கள் மைக்கோடு போய் ஒளிந்துகொள்வது அந்தப் பள்ளத்துக்குள்தான்.

இவ்வளவும் மாதக் கணக்கில் மெதுவாக நடக்கிறது. திடீர்ச் சீழும் வீக்கமும் இல்லாததால் நரம்புகள் வலி என்று குரல் கொடுப்பதில்லை. நொச்சி இலை ஆவி பிடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சளிக்கு அது இதம்தான். ஆனால் எலும்போடு ஒட்டிப்போன வாசலை ஆவியோ மாத்திரையோ திறக்காது.

வேறு என்னவாக இருக்கக்கூடும்?

புற்றுநோயா என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகள் அந்தத் திசையைக் காட்டவில்லை. இருந்தாலும் பொறுப்புள்ள மருத்துவர் எவரும் அதை விலக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. மூக்கிலிருந்து ரத்தம் கலந்த சளி, கன்னத்திலோ மேலுதட்டிலோ மரத்துப்போதல், மேல்வரிசைப் பல் ஆடுதல், கன்ன வீக்கம், பார்வை மங்குதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகை கண்குழிக்குப் பரவும்போது, அங்கே திசுக்கள் சுருங்கிக் கண்ணை உள்ளே இழுப்பது உண்டு. மிக அபூர்வம். ஆனால் உங்கள் வயதில் மார்பகப் பரிசோதனை எப்படியும் செய்துகொள்ள வேண்டியதுதான். இதைச் சாக்காக வைத்தாவது செய்துவிடுங்கள்.

முகத்தில் எப்போதாவது பலமாக அடிபட்டதா, வண்டியிலிருந்து விழுந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கண்குழித் தரை உடைந்து, அப்போது கவனிக்காமல் விட்டாலும் இதே தோற்றம் வரும். கண் அழுத்த நோய்க்குச் சில வகைச் சொட்டு மருந்துகளை நெடுநாள் விட்டாலும் மேலிமைப் பள்ளம் ஆழமாகும். இமை தொங்கி, அந்தப் பக்கக் கண்மணியும் சிறுத்திருந்தால் அது நரம்புக் கோளாறு, அதற்கு வேறு பரிசோதனைகள். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் பரவிய கருப்புப் பூஞ்சையை நினைத்து உங்கள் கணவர் கலங்குவதாக எழுதியிருந்தீர்கள். அது நாள் கணக்கில் பாயும் நோய், வலியும் வீக்கமும் கடுமையாக இருக்கும். ஒரு வருடமாக மெல்ல மாறிவரும் உங்கள் கண்ணுக்கும் அதற்கும் பொருத்தம் இல்லை.

பல் வேர் சிகிச்சை பற்றி: மேல் கடைவாய்ப் பற்களின் வேர் சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அங்கே சீழ் வைத்தால் ஒரு பக்கச் சைனஸ் கெடுவது உண்மை. ஆனால் அதில் மூக்கில் துர்நாற்றமும் சளியும் பெரும்பாலும் இருக்கும். பல் மருத்துவர்மேல் இப்போதே குற்றம் சுமத்த வேண்டாம். ஸ்கேன் எடுக்கும்போது அந்த வேர் நுனியையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

உறுதி செய்வதற்கு உங்களிடம் இருக்கும் மூளை எம்.ஆர்.ஐ. போதாது. மெல்லிய எலும்பு அதில் தெளிவாகத் தெரியாது. சைனஸும் கண்குழியும் சேர்ந்து தெரியும்படி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். படத்தில் நாங்கள் தேடுவது இவற்றைத்தான்: இடது சைனஸ் வலதைவிடச் சிறுத்து, நீர் நிறைந்து, சுவர்கள் உட்புறம் வளைந்திருக்கிறதா, கூரை தாழ்ந்திருக்கிறதா, அந்த அரிவாள் எலும்பு கண்குழிச் சுவரோடு ஒட்டியிருக்கிறதா. எலும்பை எதுவும் அரித்திருக்கக் கூடாது. வளைந்த சுவருக்கும் அரிக்கப்பட்ட சுவருக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எங்கள் நிம்மதி இருக்கிறது. கூடவே மூக்குக்குள் எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்ப்பதும் அவசியம், ஐந்து நிமிட வேலை.

எது முதலில்: வாசலா, தகடா, ஊசியா?

ஊசியை முதலில் விலக்கிவிடுகிறேன். பள்ளத்தை மேலே நிரப்புவதால் கீழே தொய்யும் தரை நிற்காது. நோய் முன்னேறுகிறதா என்று பார்க்க நமக்கிருக்கும் அடையாளமும் மறைந்துபோகும். கண்ணைச் சுற்றிப் போடும் நிரப்பு ஊசி தவறி ரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வை பறிபோன சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. 6/6 பார்வையுள்ள கண்ணை வைத்து அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

சிகிச்சையின் உயிர்நாடி அடைபட்ட வாசலைத் திறப்பதுதான். மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பியைச் செலுத்தி, ஒட்டிய எலும்பை எடுத்து, சைனஸுக்குக் காற்று போகும்படி அகலமாக வழி செய்கிறோம். முகத்தில் கீறல் இல்லை, தழும்பு இல்லை. காற்று உள்ளே போனதும் இழுக்கும் அழுத்தம் நின்றுவிடும், கண் மேற்கொண்டு இறங்குவதும் நிற்கும். அதற்குப் பிறகு நடப்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருவது: பலருக்குத் தொய்ந்த தரை மாதங்கள் போகப் போகத் தானாகவே ஓரளவு நிமிர்கிறது, கண்ணும் கொஞ்சம் முன்னே வருகிறது. எல்லோருக்கும் முழுமையாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

தகடு இதற்குப் பிறகு வர வேண்டிய பேச்சு. கண்குழித் தரையை உயர்த்தித் தகடு வைப்பதை இதே அமர்வில் செய்யும் நல்ல மருத்துவர்களும் உண்டு. ஒரே மயக்கத்தில் முடிந்துவிடும் என்பது அதன் நன்மை. ஆனால் தரை தானாக நிமிரக்கூடிய நிலையில் இன்றைய அளவுக்குத் தகடு வைத்தால், நாளை கண் தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கக்கூடும். கெட்ட நீர் நிறைந்த சைனஸுக்கு மேல் ஒரு அந்நியப் பொருளை வைப்பதால் தொற்று வரும் அச்சமும் இருக்கிறது. தகடு வைத்த பிறகு இரட்டைப் பார்வை வருவதும் உண்டு. அதனால் என் பரிந்துரை: வாசலைத் திறந்துவிட்டு, குறைந்தது ஆறு மாதம் காத்திருங்கள். பிறகு அளந்து பாருங்கள். அப்போதும் கண் இறங்கியே இருந்து, அது உங்களை உறுத்தினால் தகடு வைக்கலாம். அப்படி வைத்தே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை.

இப்போதே தகடு பற்றி யோசிக்க வேண்டிய ஒரு நிலை உண்டு, தொடர்ந்து இரட்டையாகத் தெரிவது. மேலே பார்க்கும்போது மின்விளக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடுகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கண்குழி அறுவைச் சிகிச்சையில் பயிற்சி உள்ள கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்றுமே செய்யாமல் விட்டால்? உயிருக்கு ஆபத்து இல்லை. சிலருக்கு ஒரு கட்டத்தில் இறங்குவது நின்றும்விடுகிறது. ஆனால் எப்போது நிற்கும், எந்த இடத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்ல இயலாது. அதனால் பல மாதம் தள்ளிப்போடுவதை நான் விரும்பவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

சாதாரணச் சைனஸ் அறுவைச் சிகிச்சை பல ஊர்களில் தினமும் நடக்கிறது. ஆனால் உங்களுடையது சாதாரணம் இல்லை என்பதை அறுவை செய்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எடுக்க வேண்டிய எலும்பு கண்குழிச் சுவரோடு ஒட்டியிருக்கிறது, கண்ணின் தரை வழக்கத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது. கருவி இரண்டு மில்லிமீட்டர் அதிகமாகப் போனால் கண்குழிக் கொழுப்புக்குள் நுழைந்துவிடும். என் பயிற்சிக் காலத்தில், இந்தக் கோளாறு என்று கண்டறியாமலே சாதாரணச் சைனஸ் என்று தொடங்கிய ஒரு அறுவையில், ஓரத்தில் மஞ்சளாகக் கொழுப்பு எட்டிப்பார்த்ததும் மூத்த மருத்துவர் கருவியை அப்படியே நிறுத்தியதை அருகில் நின்று பார்த்தேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று முதல், ஸ்கேன் படத்தை அறுவை அரங்கத் திரையில் ஏற்றாமல் நான் கருவியைத் தொடுவதில்லை. ஆகவே தயங்காமல் கேளுங்கள்: "இதற்கு முன் இந்தக் கோளாறுக்குச் செய்திருக்கிறீர்களா? எலும்பு கண்ணோடு ஒட்டியிருப்பதைப் படத்தில் காட்டுவீர்களா?" நல்ல மருத்துவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

ரத்தக் கசிவு, கண்ணீர்க் குழாய்க் காயம், திறந்த வாசல் மீண்டும் மூடிக்கொள்வது ஆகியவை இதில் உள்ள பிற அபாயங்கள். அரிதானவை என்றாலும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுத்தால் முன்பே தெரிவியுங்கள். பிறகு மூக்கைக் கழுவ உப்பு நீர் தருவார்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் மட்டுமே கலக்குங்கள், குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம்.

சம்மதப் படிவத்தில் என்னென்ன அறுவை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதத்தை வைத்து, அவசரத் தேவை இல்லாத இன்னோர் அறுவையைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. தகடு வேண்டாம் என்று முடிவு செய்தால், அதைப் படிவத்திலேயே எழுதச் சொல்லலாம். ஸ்கேன், அறிக்கை நகல்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. இரண்டாவது கருத்துக் கேட்கப் போவதை மறைக்கவும் வேண்டியதில்லை. காப்பீடு இருந்தால் கவனம் தேவை: அழகுக்கான சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். உங்களுடையது நோய்க்கான சிகிச்சை. நோயின் பெயர், சி.டி. முடிவு, மூக்குவழி அறுவை என்று மருத்துவர் கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்கி, முன் அனுமதி பெற்றபிறகு சேருங்கள்.

கடைசியாகத் திருமணம். ஐந்து வாரத்துக்குள் ஓடிப்போய்ச் செய்துகொள்ள வேண்டாம். அறுவைக்குப் பிறகு சில வாரம் மூக்கில் பொருக்கு கட்டும், சுத்தம் செய்ய மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருக்கும், பளு தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. தங்கை கல்யாணத்தில் அக்கா சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? முகத்தோற்றமும் ஐந்து வாரத்தில் மாறிவிடாது. சி.டி. ஸ்கேனையும் மார்பகப் பரிசோதனையையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். அவற்றில் கெடுதலாக எதுவும் இல்லை என்றால் கல்யாண வேலைகளை நிம்மதியாகப் பாருங்கள், மறுவீடு முடிந்த கையோடு அறுவைக்குத் தேதி வாங்குங்கள். முகூர்த்தத்தன்று மை தீட்டி முடித்ததும், யாரையாவது நேர் எதிரே நிற்கவைத்து, தலையைச் சாய்க்காமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பிறகு ஆறாவது மாதம் பக்கத்தில் வைத்து ஒப்பிட, உங்கள் மருத்துவருக்கு அந்தப் படம் வேண்டும்.